மூணாவது பூச்சு: லெகோவைத் தொடங்கிய தச்சரின் கதை

வீட்டுக்குக் கதவு, ஜன்னல் போடணும். தச்சரை எங்கே தேடுவோம்? செல்போனில் தட்டினால் நூறு பேர் வரிசையாக வந்து நிற்பார்கள். ஆனாலும் நாம் என்ன செய்கிறோம்? போன வருஷம் வீடு கட்டிய மாமாவுக்கு ஒரு போன் போடுகிறோம். யாருங்க உங்க வீட்டுக்கு வேலை செஞ்சது, ஆளு எப்படி, சொன்ன தேதிக்கு வந்தாரா, மரத்துல கைவைக்கலையே? இந்த நாலு கேள்விக்கும் மாமா தலையாட்டிவிட்டால் முடிந்தது. அன்று சாயங்காலமே முன்பணம் கைமாறிவிடும்.

அந்தத் தச்சர் நமக்கு விளம்பரம் அனுப்பவில்லை. நாம் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. போன வருஷம் மாமா வீட்டில் அவர் ஒழுங்காகப் பொருத்திய ஒரு நிலைக்கதவு, இந்த வருஷம் அவருக்கு நம் வீட்டு வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டது.

இதற்கு இப்போது பெரிய பெரிய பெயர்கள் வந்துவிட்டன. ரெஃபரல் மார்க்கெட்டிங் என்கிறார்கள், நெட்வொர்க்கிங் என்கிறார்கள். விடிகாலையில் ஓட்டலில் கூடி, இட்லி சாப்பிட்டுக்கொண்டே விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ளும் கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன. ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு கமிஷன் என்று சொல்லும் செயலிகளும் உண்டு. அதெல்லாம் இருக்கட்டும். மாமா எந்தக் கமிஷனும் வாங்காமல் ஒருவர் பெயரைச் சொல்கிறாரே, அது ஏன்? அதற்குப் பதில் தேடினால், நூறு வருஷத்துக்கு முன்பு டென்மார்க் நாட்டின் ஒரு குக்கிராமத்தில் இருந்த இன்னொரு தச்சரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென். உங்கள் வீட்டுக் குழந்தை தரையில் இறைத்துப் போட்டு, நீங்கள் இருட்டில் மிதித்து அலறுகிறீர்களே, அந்த லெகோ கட்டைகளின் கம்பெனியைத் தொடங்கியவர்.

பத்தாவது பிள்ளை

டென்மார்க்கின் நிலப்பகுதியில் பெரியது ஜட்லாந்து தீபகற்பம். அதன் நடுப்பகுதி அன்று மணலும் புதரும் மண்டிய வறண்ட பூமி. அங்கே ஃபில்ஸ்கோவ் என்ற ஊருக்கு அருகில், 1891 ஏப்ரல் 7ஆம் தேதி ஓலே பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பம். இவர் பத்தாவது பிள்ளை. பத்தாவது பிள்ளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பெரிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சின்ன வயதிலேயே ஆடு மாடு மேய்க்கப் போனார். 14 வயதில் அண்ணனிடமே தச்சு வேலை கற்கச் சேர்ந்தார்.

தொழில் கைக்கு வந்த பிறகு, அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் செய்தது போலவே ஊர் விட்டு ஊர் போனார். ஜெர்மனியில் வேலை பார்த்தார், நார்வேயில் வேலை பார்த்தார். சேர்த்த காசோடு திரும்பி வந்து, 1916இல் பில்லுண்ட் என்ற கிராமத்தில் ஒரு தச்சுப் பட்டறையை விலைக்கு வாங்கினார். அதே வருஷம், நார்வேயில் பழகிய கிறிஸ்டினே என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்தடுத்து நான்கு ஆண் பிள்ளைகள்.

இன்று பில்லுண்டில் சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. அன்றைக்கு அது ரயில் பாதை ஓரம் கொஞ்சம் வீடுகள் மட்டுமே இருந்த ஊர். சுற்றிலும் பண்ணைகள். ஒரு தச்சருக்கு அங்கே வாடிக்கையாளர் என்றால் அக்கம்பக்கத்து விவசாயிகள்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதே ஆள்தான் திங்கட்கிழமை மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போடச் சொல்லிக் கூப்பிடுவார். ஓலே ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். ஜட்லாந்து கிராமங்களில் வேரோடியிருந்த ஒரு பக்தி இயக்கத்தில் குடும்பத்தோடு இருந்தவர்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வேலையைக் கெடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட முடியாது. கூரை ஒழுகினால் அதே தேவாலயத்தில் அதே முகத்தைப் பார்க்க வேண்டும். ஒழுகாவிட்டால், அந்தப் பண்ணைக்காரர் மச்சானிடம் சொல்வார், மச்சான் அடுத்த கிராமத்தில் சொல்வார். ஓலேவின் பட்டறை வளர்ந்தது இப்படித்தான். வீடுகள், கொட்டகைகள், பால் பண்ணைக் கட்டடம், தேவாலய வேலை என்று ஒன்றிலிருந்து ஒன்றாக வந்தது. குளிர்காலத்தில் கட்டட வேலை நின்றுவிடும். அப்போது பட்டறைக்குள் அலமாரி, பெட்டி, மேசை செய்வார். விவசாயி கையில் காசு வந்தால்தான் தச்சர் கையிலும் காசு வரும். அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அந்த மண்ணுக்கே இது பழக்கமான கணக்கு. டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை 1882இல் இதே ஜட்லாந்தின் மேற்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. எல்லோர் வீட்டுப் பாலும் ஒரே தொட்டியில் விழும். ஒருத்தர் தண்ணீர் கலந்தால் எல்லோருடைய வெண்ணெயும் கெடும். பக்கத்து வீட்டுக்காரரின் நாணயம் நம் வீட்டு வருமானம் என்று அனுபவத்தில் படித்த ஜனங்கள் அவர்கள்.

தீயும் வறட்சியும்

1924இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னஞ்சிறு மகன்கள் இருவர் பட்டறைக்குள் விளையாடப் போனார்கள். அப்பா பசை காய்ச்சுகிற மாதிரி தாங்களும் அடுப்பு மூட்டப் பார்த்தார்கள். மரச்சுருள் குவியலில் நெருப்பு பிடித்தது. பட்டறையும் போச்சு, ஒட்டியிருந்த வீடும் போச்சு. அந்த இருவரில் ஒருவன் பெயர் கோட்ஃபிரட். பின்னாளில் கம்பெனியை உலகம் முழுக்கக் கொண்டுபோகப் போகிறவன் அவன்தான்.

ஓலே தளரவில்லை. முன்பு இருந்ததைவிடப் பெரிதாகக் கட்டினார். வாசலில் இரண்டு சிங்கச் சிலைகளை வைத்தார். கிராமத்துக்கு அது கொஞ்சம் அதிகப்படியான வீடு. அதில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுச் சமாளித்தார். தகுதிக்கு மீறிக் கடன் வாங்கும் பழக்கம் இவருக்குக் கடைசி வரை இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பிறகு வந்தது பெரிய அடி. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. அந்த அலை மூன்றே வருஷத்தில் ஜட்லாந்து வயலுக்கு வந்து சேர்ந்தது. டென்மார்க் விவசாயி வெண்ணெயும் பன்றி இறைச்சியும் வெளிநாட்டுக்கு, முக்கியமாக இங்கிலாந்துக்கு, விற்றுப் பிழைத்தவர். விலை படுத்துவிட்டது. விவசாயி வீடு கட்டுவதை நிறுத்தினார். தச்சரின் வேலை நின்றது.

இந்த இடத்தில்தான் நம்முடைய சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். ஓலேவுக்கு நல்ல பெயர் இருந்தது. பதினாறு வருஷப் பழக்கம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. ஆனாலும் 1932இல் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. பழக்கம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது பாதி உண்மைதான். வாங்குகிறவர் கையில் காசு இல்லாதபோது எந்த உறவும் ஆர்டராக மாறாது. உறவு மழை மாதிரி இல்லை, நிலத்தடி நீர் மாதிரி. வறட்சியில் அது தானாக மேலே வந்து கொட்டாது. நாம்தான் வேறு இடத்தில் தோண்ட வேண்டும்.

ஆட்களைக் குறைத்தார். அதே 1932இல் கிறிஸ்டினே இறந்துபோனார். மூத்த மகனுக்கு 15 வயது, கடைக்குட்டிக்கு 6. வேலை இல்லை, மனைவி இல்லை, நாலு பிள்ளைகள், கழுத்தளவு கடன். 41 வயதில் அவருடைய நிலைமை இதுதான்.

பொம்மையா செய்யுறது?

பெரிய மர வேலை இல்லை என்றால் சின்ன மர வேலை. ஏணி, முக்காலி, துணி தேய்க்கும் பலகை என்று அன்றாடம் வீட்டுக்கு வேண்டிய சாமான்களைச் செய்யத் தொடங்கினார். கூடவே மரப் பொம்மைகள். கார், லாரி, ரயில், மிருகங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் 12 வயது கோட்ஃபிரட்டும் பட்டறையில் வந்து நின்றான்.

ஒரு மொத்த வியாபாரி வந்து பொம்மைகளைப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு நிறைய வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். ஓலே சந்தோஷமாகச் செய்து குவித்தார். பொம்மை தயாரானபோது அந்த வியாபாரி திவாலாகிவிட்டார். வேறு வழி? பொம்மைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராக, கடை கடையாக, ஓலேவே விற்கப் போனார். பேச்சுச் சாமர்த்தியத்தால் சரக்குத் தள்ளும் ஆள் இல்லை அவர். பொம்மையைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வதுதான் அவருக்குத் தெரிந்த வியாபாரம். சில கடைக்காரர்களிடம் கொடுக்கக் காசு இல்லை. பணத்துக்குப் பதில் மளிகைச் சாமானை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய நாட்களும் உண்டு. வீட்டில் நாலு பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே.

இன்றைய கணக்கில் பார்த்தால் இது நஷ்ட வியாபாரம். ஆனால் அந்தக் கடைக்காரர் பக்கம் நின்று பாருங்கள். காசு இல்லாத நேரத்தில், உன்னிடம் என்ன இருக்கிறதோ அதைக் கொடு என்று வாங்கிக்கொண்டு போன ஆளை அவர் லேசில் மறப்பாரா?

அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளிடமும் போனார். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டும். கொஞ்சம் உருப்படியான பொருளாகச் செய்யக் கூடாதா என்று அவர்கள் கேட்டார்களாம். கேட்கத்தானே செய்வார்கள்! ஊரே சோற்றுக்குத் திண்டாடும்போது பெரிய மனுஷன் பொம்மை செய்கிறேன் என்று வந்து நிற்கிறார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்குப் பொம்மை மீது நம்பிக்கை இல்லை. ஓலே மீது இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம் அவருக்கு 1932இல் ஆர்டர் வாங்கித் தரவில்லை என்றேன் இல்லையா, அது வாங்கிக் கொடுத்தது இதைத்தான். இன்னொரு தடவை முயன்று பார்க்கக் கொஞ்சம் அவகாசம்.

அந்தக் காலத்தில் யோ-யோ பைத்தியம் டென்மார்க்கையும் பிடித்தது. மர யோ-யோ கடைந்து தள்ளினார்கள். திடீரென்று மவுசு போய்விட்டது. மிஞ்சிய யோ-யோக்களை இரண்டாகப் பிளந்து பொம்மை லாரிக்குச் சக்கரமாக மாட்டினார் ஓலே. கையில் இருப்பதை வீணாக்காத தச்சர் புத்தி.

1934இல் மறுமணம் செய்துகொண்டார். மனைவி பெயர் சோஃபி. ஒரு மகளும் பிறந்தாள். ஏறக்குறைய அந்த வருஷங்களில்தான் தொழிலுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று வேலையாட்களுக்குள் போட்டி வைத்தார். பரிசு, வீட்டில் தயாரித்த ஒரு பாட்டில் ஒயின். கடைசியில் அவர் யோசித்த பெயரே தேர்வாகி, ஒயினும் அவரிடமே திரும்பி வந்தது. நன்றாக விளையாடு என்ற பொருள் தரும் இரண்டு டேனிஷ் சொற்களின் முன்பாதிகளைச் சேர்த்து உண்டாக்கிய பெயர்: லெகோ.

மரவாத்தும் மூணாவது பூச்சும்

அவர் பட்டறையில் அதிகம் பேசப்பட்ட பொம்மை ஒரு மரவாத்து. கயிறு கட்டி இழுத்தால் அலகைத் திறந்து மூடிக்கொண்டே உருண்டு வரும். நல்ல பீச் மரத்தை நீண்ட நாள் காற்றில் உலரவிட்டு, அதன்பின் சூளையில் காயவைத்துச் செய்வார்கள். கடைசியில் மூன்று பூச்சு வார்னிஷ்.

ஒருநாள் சாயங்காலம் கோட்ஃபிரட் குஷியாக வீட்டுக்கு வந்தான். கூட்டுறவுக் கடைக்குப் போக வேண்டிய ஒரு பெட்டி வாத்துகளை ரயில் நிலையத்தில் சேர்த்துவிட்டு வந்திருந்தான். அப்பாவுக்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுத்ததில் அவனுக்கு ஒரே பெருமை. எப்படி மிச்சம் என்று கேட்டார் ஓலே. வழக்கமாக மூன்று பூச்சு, இந்தத் தடவை இரண்டோடு நிறுத்திவிட்டேன் என்றான் பையன்.

யோசித்துப் பாருங்க. கடனில் ஓடும் பட்டறை. வார்னிஷ் சும்மா வருவதில்லை. மூணாவது பூச்சு இல்லை என்பது கடைக்காரருக்குத் தெரியப் போவதில்லை, வாங்கும் அம்மாவுக்கும் தெரியாது, இழுத்து விளையாடும் குழந்தைக்குச் சுத்தமாகத் தெரியாது. நம்மில் பலர் பையனைத் தட்டிக்கொடுத்திருப்போம். பரவாயில்லையே, வியாபாரம் கத்துக்கிட்டான்!

ஓலே பையனை உடனே ரயில் நிலையத்துக்குத் திருப்பி அனுப்பினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு வாத்துக்கும் மூணாவது பூச்சு அடித்து, மறுபடியும் பெட்டி கட்டி, நிலையத்தில் சேர்க்க வேண்டும். யாரும் உதவக் கூடாது. ராத்திரி முழுக்க ஆனாலும் சரி. பையன் செய்தான். அந்த ராத்திரியை அவன் கிழவனாகும் வரை மறக்கவில்லை, போகிற இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னான். மிகச் சிறந்ததைச் செய்தாலும் அது அதிகப்படி ஆகிவிடாது என்ற அர்த்தத்தில் ஒரு வாசகத்தைப் பலகையில் தானே செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டியதும் இதே கோட்ஃபிரட்தான்.

வாத்து போக வேண்டிய இடமும் முக்கியம். கூட்டுறவுக் கடைக்கு உறுப்பினர்களே வாடிக்கையாளர், உறுப்பினர்களே முதலாளி. ஒரு வீட்டில் வாத்துப் பொம்மை ஒரு மழைக்காலத்தில் வெளுத்துப்போனால், அடுத்த கூட்டத்தில் பேச்சு வரும். மூணாவது பூச்சு இல்லாதது வாங்கும்போது தெரியாது. ஒரு வருஷம் கழித்துத் தெரியும். அக்காவின் பிள்ளை விளையாடிய பொம்மை தங்கையின் பிள்ளைக்குப் போகும்போது தெரியும். சிபாரிசு பிறக்கிற நேரமும் அதுதான். விற்ற அன்றைக்கு யாரும் நம்மை இன்னொருவருக்குச் சொல்வதில்லை. விற்றவர் மறந்துபோன பிறகுதான் வாங்கியவர் பேசத் தொடங்குகிறார். பொம்மை உடையவே இல்லைங்க, எங்க வாங்கினது தெரியுமா?

வாடிக்கையாளருடன் உறவு என்றால் பிறந்தநாளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அவருக்குத் தெரியாத இடத்தில் நாம் அவருக்காக என்ன செய்தோம் என்பதும் உறவுதான். தெரிந்த இடத்தில் சிரிப்பும் தெரியாத இடத்தில் இரண்டே பூச்சுமாக இருந்தால், அந்தச் சிரிப்பை எத்தனை நாள் நம்புவார்கள்?

மறுபடியும் சாம்பல்

1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்துக்கொண்டது. வெளியிலிருந்து சாமான் வரவில்லை, உலோகம் கிடைக்கவில்லை. மரப் பொம்மைக்கு அதனாலேயே கிராக்கி கூடியது. பட்டறை தொழிற்சாலையாக வளர்ந்துகொண்டிருந்த நேரம், 1942 மார்ச்சில் ஓர் இரவு மறுபடியும் தீ. கட்டடம் போனது, மரம் போனது. வருஷக்கணக்கில் சேர்த்த பொம்மை மாதிரிகளும் வரைபடங்களும் சாம்பலாயின. காப்பீட்டுப் பணம் நஷ்டத்தை ஈடுகட்டப் போதவில்லை.

50 வயது. இதோடு போதும் என்று நினைத்தார் ஓலே. நினைக்காதவர் யார்? வேறு ஊருக்குப் போய்த் தொடங்கும் யோசனையும் எழுந்தது. ஆனால் பில்லுண்டில் அவரை நம்பி வேலை செய்யும் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்காகவே அதே ஊரில் மறுபடி கட்டினார்.

உறவு என்று பேசும்போது நாம் வாடிக்கையாளரை மட்டும் நினைக்கிறோம். மூணாவது பூச்சை அடிக்கும் கை வேலையாளின் கை. அந்த ஆளுக்கு முதலாளி மேல் நம்பிக்கை இல்லை என்றால் பூச்சு இரண்டோடு நின்றுவிடும், முதலாளிக்குத் தெரியவும் வராது. கஷ்ட காலத்தில் விட்டுவிட்டு ஓடாத முதலாளியின் பொம்மைக்கு மட்டும்தான் முதலாளி பார்க்காத நேரத்திலும் மூணாவது பூச்சு விழும்.

பிளாஸ்டிக் வந்தது

போர் முடிந்தது. 1946இல், 55 வயதில், ஓலே இங்கிலாந்தில் தயாரான ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தார். விலை 30,000 குரோனர். அந்தக் கம்பெனிக்கு அது பெரும் தொகை. வீட்டில் எதிர்ப்பு. மரத்தில் பேர் வாங்கிய ஆள் எதற்குப் பிளாஸ்டிக்கில் கைவைக்க வேண்டும்? ஓலே கேட்கவில்லை.

1949இல் ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள் வெளிவந்தன. இதில் ஒரு நெருடல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டையின் மூல யோசனை இவருடையது இல்லை. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் செய்துவந்த கட்டைகளைப் பார்த்து, அதில் சில மாற்றங்கள் செய்துதான் லெகோ தன்னுடையதை உருவாக்கியது. வெகுகாலம் கழித்து, 1981இல், கிட்டிகிராஃப்ட் கட்டையின் உரிமையை லெகோ விலை கொடுத்து வாங்கியது. அதற்குள் ஓலேவும் இல்லை, பேஜும் இல்லை. வார்னிஷில் அத்தனை கறாராக இருந்தவரின் கணக்கில் இது ஒரு பாக்கியாகவே எனக்குப் படுகிறது. நல்ல மனிதர்களின் வாழ்க்கையிலும் மூணாவது பூச்சு விடுபட்ட இடம் ஒன்றிரண்டு இருக்கும்.

கட்டைகள் உடனே விற்றுத் தீர்ந்தன என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சில வருஷம் மந்தம்தான். பிளாஸ்டிக் பொம்மையா என்று கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கைகொடுத்தது பிளாஸ்டிக்கில் செய்த ஒரு குட்டி ஃபெர்குசன் டிராக்டர். ஏன் டிராக்டர்? சுற்றியிருந்த பண்ணைகளில் குதிரை போய் ஃபெர்குசன் வந்துகொண்டிருந்தது. அப்பா வயலில் ஓட்டுவதைப் பிள்ளை வீட்டில் ஓட்ட ஆசைப்படும்தானே. முப்பது வருஷமாக அந்தப் பண்ணைகளுக்கு நடுவிலேயே வாழ்ந்த ஆட்களுக்கு இதைக் கண்டுபிடிக்கச் சந்தை ஆய்வு தேவைப்படவில்லை.

கப்பலில் ஒரு குறை

1954இல் கோட்ஃபிரட் இங்கிலாந்துப் பயணத்துக்காகக் கப்பல் ஏறினார். அதே கப்பலில் கோபன்ஹேகனின் மகாசின் டு நோர் என்ற பெரிய கடையின் பொம்மைப் பிரிவுக்குக் கொள்முதல் செய்பவரும் இருந்தார். பேச்சு வளர்ந்தது. பொம்மை உலகத்தில் ஒரு ஒழுங்குமுறையே இல்லை, எல்லாம் தனித்தனி, வாங்கினோமா தூக்கிப் போட்டோமா என்று இருக்கிறது என அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

வாங்குகிறவர் புலம்பினால் நாம் என்ன செய்வோம்? நம்ம சரக்கு அப்படி இல்லீங்க என்று சமாளிப்போம். கோட்ஃபிரட் அதைக் காதில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். தாங்கள் செய்யும் எல்லாப் பொம்மைகளையும் வரிசையாக வைத்து யோசித்தார். இந்தக் கட்டைகளால்தான் ஒரு முழு அமைப்பை உண்டாக்க முடியும் என்று தோன்றியது. 1955இல் வீதி, வீடு, வண்டி எல்லாம் சேர்த்துக் கட்டும் நகர விளையாட்டு வெளிவந்தது. 28 பெட்டிகள், 8 வண்டிகள். இன்று வாங்கியது நாளை வாங்குவதோடு பொருந்தும்.

அடுத்த வருஷமே ஜெர்மனியில் விற்பனையைத் தொடங்கினார்கள். இந்தப் பொருளில் சிபாரிசு உள்ளேயே இருந்தது என்று சொல்லலாம். ஒரு குழந்தை கட்டிய வீட்டைப் பார்த்து அடுத்த வீட்டுக் குழந்தை கேட்கும். தன் கட்டையை எடுத்துப் போனால் அங்கேயும் பொருந்தும்.

ஆனால் கட்டைகள் இறுக்கமாக நிற்கவில்லை. கொஞ்சம் உயரமாகக் கட்டினால் சரிந்தது. விற்பனை நடக்கத்தான் செய்தது, அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. அடிப்பக்கத்தில் குழாய்களை வைத்துப் பிடிமானத்தைக் கூட்டினார்கள். அதற்கான காப்புரிமைக்கு 1958 ஜனவரி 28ஆம் தேதி விண்ணப்பித்தார்கள். பையனுக்கு மூணாவது பூச்சுப் பழக்கம் போகவில்லை பாருங்கள்.

அதற்குப் பிறகு 42ஆவது நாள், 1958 மார்ச் 11ஆம் தேதி, ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் மாரடைப்பால் இறந்தார். வயது 66. தன் பட்டறையிலிருந்து உலகம் முழுக்கப் போகப்போகும் பொருள் அப்போதுதான் அதன் முழு வடிவத்துக்கு வந்திருந்தது. அவர் பெரும் பணக்காரராக வாழ்ந்து பார்க்கவில்லை. இரண்டு வருஷத்தில் மரப் பொம்மைக் கிடங்கு தீப்பிடித்தது. மரப் பொம்மை அதோடு நிறுத்தப்பட்டது. 1964இல் ஊருக்கு விமான நிலையம் வந்தது, 1968இல் லெகோலாண்ட் வந்தது. 1958இல் வார்த்த கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தத் தச்சரின் சுபாவம் அதில் மிச்சமிருக்கிறது.

நமக்கு என்ன?

ஓலே பிறந்த ஊரிலிருந்து அதிக தூரமில்லாத பிரண்டா என்ற சிற்றூரில் இன்று ஓர் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது. 1980களில் போருக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் இந்த ஜட்லாந்து ஊர்களில்தான் குடியமர்ந்தார்கள். புது மண்ணில் வேலையோ வீடோ தேடியவர்களுக்கு வழி சொன்னது யார்? முன்னால் வந்த ஒருத்தர். அந்த ஆள் நல்லா வேலை செய்வார், நம்பலாம் என்று இன்னொருவர் சொன்ன ஒரு வார்த்தை. உலகத்தில் எங்கே போனாலும் பிழைப்பு இந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது.

அந்த வார்த்தையைச் சொல்பவர் சும்மா சொல்வதில்லை. தன் பெயரை அடகு வைத்துச் சொல்கிறார். மாமா நமக்குத் தச்சரின் பெயரைச் சொல்லும்போது, அவர் சொதப்பினால் நாளைக்கு நம் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. கமிஷன் கொடுத்து இந்தப் பயத்தை விலைக்கு வாங்க முடியாது. கமிஷனுக்காகச் சொல்கிறார் என்று தெரிந்த நிமிஷமே அந்தப் பெயரின் மதிப்பு பாதியாகிவிடும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தால் எல்லோரும் லெகோ ஆகிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே 1932இல் நல்ல வேலை செய்த எத்தனையோ தச்சர்கள் பட்டறையை மூடியிருப்பார்கள். அதிர்ஷ்டம் உண்டு, காலம் உண்டு, கோட்ஃபிரட் மாதிரி ஒரு மகன் வாய்ப்பதும் உண்டு. ஆனால் அதிர்ஷ்டம் வாசலுக்கு வரும் வரை கடை திறந்திருக்க வேண்டுமே. ஓலேவின் கடையைத் திறந்து வைத்தவர்கள் ஜாமீன் போட்ட உடன்பிறப்புகளும், மளிகைச் சாமான் கொடுத்தாவது பொம்மை வாங்கிய கடைக்காரர்களும், தீக்குப் பிறகும் கூடவே நின்ற வேலையாட்களும்தான். இவர்களில் யாரையும் அவர் ஆதாயக் கணக்குப் போட்டுச் சம்பாதிக்கவில்லை.

சின்னதாக ஒரு தொழில் செய்கிறவர்கள் இன்று ராத்திரி கடையைச் சாத்தும் முன் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம். தையல் கடை என்றால் உள்பக்கத் தையல், மெஸ் என்றால் யாரும் எட்டிப் பார்க்காத எண்ணெய்ச் சட்டி, மெக்கானிக் என்றால் மாற்றியதாகச் சொன்ன பாகம். வாங்குகிறவர் கண்ணில் படாத ஒரு மூணாவது பூச்சு எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. உங்களுடையது எது? இன்றைக்கு அதை அடித்தீர்களா?